ஒன்பது வருட நோட்டீஸ்

மூடுவதற்கு ஒரு விலை உண்டு. மூடப்போவதாகச் சொல்லிக்கொண்டே இருப்பதற்கும் ஒரு விலை உண்டு. கோலார் தங்கவயல் இரண்டையும் கொடுத்தது. அங்கிருந்து கிளம்பிக் கணினி முன் உட்காரும் அடுத்த தலைமுறைக்கும் அதே கணக்கு காத்திருக்கிறது.

மாரிகுப்பத்திலிருந்து பெங்களூருக்கு ஏறத்தாழ 100 கிலோமீட்டர். கோலார் தங்கவயலின் இந்தக் கடைசி ரயில் நிலையத்திலிருந்து அதிகாலை ரயில்களில் ஆயிரக்கணக்கானோர் கிளம்புகிறார்கள். இருட்டிய பிறகு திரும்புகிறார்கள். தாத்தாவும் அப்பாவும் இரும்புக் கூண்டில் ஏறிப் பூமிக்குள் இறங்கியவர்கள். பேரப்பிள்ளைகள் பெங்களூர் கட்டிடங்களில் லிஃப்டில் ஏறுகிறார்கள். கட்டிட வேலை, கடை, ஆஸ்பத்திரி, தொழிற்சாலை என்று பலவகை வேலை. ஒரு பகுதியினர் சாஃப்ட்வேர் கம்பெனிகளில் கணினி முன் உட்காருகிறார்கள்.

அவர்கள் திரையில் அடிக்கடி ஒரு வரி தோன்றும். 'நீங்கள் பயன்படுத்தும் இந்த வசதி இப்போதைக்கு வேலை செய்யும். வருங்காலப் பதிப்பில் இருக்காது. வேறொன்றுக்கு மாறிக்கொள்ளுங்கள்' என்பது அதன் சாரம். தொழில் வட்டாரத்தில் இதற்கு 'டெப்ரிகேஷன் வார்னிங்' என்று பெயர். தமிழில் வழக்கொழிப்பு எச்சரிக்கை எனலாம். பெரும்பாலோர் அதைப் படித்துவிட்டு, அல்லது படிக்காமலே, வேலையைத் தொடர்கிறார்கள். புரோகிராம்தான் ஓடுகிறதே!

இப்படிப்பட்ட எச்சரிக்கை ஒரு மரியாதை என்றே கருதப்படுகிறது. லட்சக்கணக்கானோர் புழங்கும் ஒரு கணினி மொழியிலிருந்து ஒரு பகுதியை ஒரே இரவில் பிடுங்கி எறிய முடியாது. முன்கூட்டியே சொல்லிவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை, சொல்வதற்குச் செலவுமில்லை என்பது பொதுவான நம்பிக்கை. சொல்பவருக்குச் செலவில்லை என்பது உண்மைதான். கேட்பவருக்கு எவ்வளவு செலவாகும் என்பதை அறிய, அந்த ரயில் கிளம்பும் ஊரின் கதையையே பார்க்கலாம்.

பொய்த்துப்போன முதல் எச்சரிக்கை

லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் 1880இல் கோலாருக்கு வந்தது. முதல் சில ஆண்டுகளிலேயே மைசூர் கோல்டு மைனிங் கம்பெனியின் மூலதனம் கரைந்துபோனது. தங்கம் இல்லை, விட்டுவிடுவோம் என்று பங்குதாரர்கள் சலித்துக்கொண்டார்கள். மிச்சமிருந்த பணத்தையும் போட்டுப் பார்ப்போம் என்று டெய்லர் தரப்பு வாதாடியது. கேப்டன் பிளம்மர் என்ற சுரங்க அதிகாரி வந்து பழைய குழிகளுக்கு அருகில் தோண்ட, 'சாம்பியன்' என்று பின்னர் பெயர் பெற்ற தங்க ரேகை அகப்பட்டது.

அதன்பின் நடந்தது நாடறிந்த வரலாறு. 1902இல் சிவசமுத்திரத்தில் காவிரி நீரிலிருந்து எடுத்த மின்சாரம் இந்தச் சுரங்கங்களுக்குத்தான் முதலில் வந்தது. பெங்களூர் நகரத்துக்கு அது எட்ட மேலும் மூன்று ஆண்டுகள் ஆயின. வட ஆற்காடு, சேலம், சித்தூர் பகுதிகளிலிருந்து தமிழர்கள் குடும்பம் குடும்பமாக வந்து சேர்ந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் சொந்த ஊரில் நிலமற்ற தலித்துகள். ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை, சாம்பியன் ரீஃப், உரிகம் என்று பெயரளவில் பாதி இங்கிலாந்தாகவும் பேச்சளவில் தமிழ்நாடாகவும் ஒரு நகரம் எழுந்தது. உச்சத்தில் இருந்தபோது ஏறத்தாழ 30,000 பேர் வேலை பார்த்தார்கள். 120 ஆண்டுகளில் இந்தப் பூமி கொடுத்த தங்கம் சுமார் 800 டன்.

இந்த வரலாறே பின்னால் வினையாகவும் முடிந்தது. 'தங்கம் தீர்ந்துவிட்டது' என்ற முதல் எச்சரிக்கை பொய்த்துப்போன ஊர் அது. பிறகும் ஒவ்வொரு தலைமுறையும் அந்தப் பேச்சைக் கேட்டது. ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் ஆழத்தில் தங்கம் கிடைத்தது. நிறைவேறாத எச்சரிக்கையைப் பலமுறை கேட்டவர்களுக்கு, நிறைவேறப்போகும் எச்சரிக்கையும் அதே குரலில்தான் காதில் விழும்.

சரிவு உண்மையானது

சுரங்கத்தின் நோய் கற்பனையல்ல. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிகமாக இறங்கி, உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்றாக இருந்தது. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரியைத் தாண்டும். காற்றைக் குளிரூட்டி அனுப்ப வேண்டும். நீரை இறைக்க வேண்டும். அழுத்தம் தாளாமல் பாறை வெடித்துச் சிதறும் ஆபத்தோடு வேலை பார்க்க வேண்டும். இத்தனைக்கும் பிறகு ஒரு டன் பாறையை அரைத்தால் கடைசிக் காலத்தில் கிடைத்தது சில கிராம் தங்கமே.

1956இல் மைசூர் அரசு சுரங்கங்களை எடுத்துக்கொண்டது. 1962இல் அவை மத்திய அரசின் கைக்குப் போயின. 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் லிமிடெட் என்ற பொதுத்துறை நிறுவனம் உருவானது. அரசின் கைக்கு வந்த பின் பல ஆண்டுகள் இங்கு எடுத்த தங்கம் வெளிச்சந்தைக்கே போகவில்லை. சந்தை விலையைவிடக் குறைந்த அதிகாரப்பூர்வ விலைக்கு அரசின் கையிருப்பில் சேர்ந்தது. ஆகவே கணக்குப் புத்தகத்தில் ஏறிய நஷ்டத்தில் ஒரு பங்கு பாறையினுடையது, மற்றொரு பங்கு கொள்கையினுடையது.

1992இல் இந்த நிறுவனம் பி.ஐ.எஃப்.ஆர். எனப்படும் தொழில், நிதி மறுசீரமைப்பு வாரியத்தின் முன் போனது. நலிந்த நிறுவனம் என்ற முத்திரை விழுந்தது. 2000இல் நிறுவனத்தைக் கலைத்துவிடலாம் என்று வாரியம் பரிந்துரைத்தது. 2001 பிப்ரவரி 28ஆம் தேதியுடன் சுரங்கம் மூடப்பட்டது. நோட்டீசுக்கும் பூட்டுக்கும் இடையே ஒன்பது ஆண்டுகள்.

காத்திருப்பின் கூலி

ஒரு வகையில் பார்த்தால் இது தாராளமான அவகாசம். திடீரென்று ஒருநாள் வாசலில் பூட்டைத் தொங்கவிட்டிருந்தால் விளைவு இன்னும் கொடூரமாக இருந்திருக்கும். மறுசீரமைக்க வழி உண்டா என்று பார்ப்பதுதான் வாரியத்தின் வேலை. சட்டப்படி மூடுவதற்கு அனுமதியும் தேவை. இவற்றையெல்லாம் ஒப்புக்கொண்ட பிறகும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. அந்த ஒன்பது ஆண்டுகளின் செலவை யார் கொடுத்தார்கள்?

முதல் செலவைச் சுரங்கமே கொடுத்தது. மூடப்போவதாகப் பேசப்படும் இடத்தில் யாரும் முதல் போட மாட்டார்கள். புதிதாகத் துளையிட்டு ஆய்வு செய்யாவிட்டால் புதிய தாது கணக்கில் ஏறாது. புதிய தாது கணக்கில் ஏறாவிட்டால், 'பார்த்தீர்களா, இனி இங்கு ஒன்றுமில்லை' என்று சொல்வது எளிது. எச்சரிக்கை ஒரு ஆரூடமாகத் தொடங்கி, தன்னைத் தானே நிறைவேற்றிக்கொள்ளும் கட்டளையாக மாறிவிடும்.

இரண்டாவது செலவு சம்பளத்தில். நலிந்த பொதுத்துறை நிறுவனங்களில் ஊதிய உயர்வு என்பது மறுவாழ்வுத் திட்டத்தோடு பிணைக்கப்பட்ட விஷயம். திட்டம் உருவாகாதவரை உயர்வும் இல்லை. விலைவாசி மட்டும் வாரியத்தின் தீர்ப்புக்குக் காத்திருக்கவில்லை.

மூன்றாவது, மனிதர்கள். இப்படிப்பட்ட இடத்திலிருந்து முதலில் வெளியேறுகிறவர்கள் வெளியேற முடிந்தவர்களே: படித்தவர்கள், வேறு தொழில் தெரிந்தவர்கள், இளவயதினர். வேறெங்கும் விலைபோகாத ஒரே திறமையை வைத்திருப்பவர்கள் கடைசிவரை தங்குகிறார்கள். பாறையைத் தட்டி அதன் ஓசையில் ஆபத்தை அறிவது, ஆழத்தில் மரத்தூண் நிறுத்துவது, செங்குத்தாகக் குழி இறக்குவது ஆகியவற்றை எந்தப் பாடப்புத்தகமும் கற்றுத் தருவதில்லை. அப்பனிடமிருந்து பிள்ளைக்கு வரும் வித்தை அது. மூடப்போகும் சுரங்கத்தில் பிள்ளையைச் சேர்க்க எந்த அப்பனும் துணிய மாட்டான். சேர்க்க ஆளெடுப்பும் இல்லை. கடைசி நாளில் மிஞ்சியிருந்தவர்கள் மூவாயிரத்துச் சொச்சம் பேர். வித்தை அவர்களோடு நின்றது.

நான்காவது செலவு எந்த ஆவணத்திலும் இல்லை. கம்பெனிக்குச் சொந்தமான லைன் வீட்டின் கூரையை மாற்றுவதா, அடுத்த வருடம்வரை தாக்காட்டுவதா? பெண்ணுக்கு உள்ளூரில் வரன் பார்ப்பதா, வெளியூரிலா? பையனைக் கல்லூரியில் சேர்ப்பதா, பெங்களூருக்கு வேலைக்கு அனுப்புவதா? தேதி தெரிந்தால் ஒரு குடும்பம் முடிவெடுக்கும். தேதி தெரியாதபோது ஒவ்வொரு முடிவும் பாதியில் நிற்கும்.

நோட்டீசே வராத குடித்தனம்

சுரங்கத்தை நம்பியிருந்தவர்கள் தொழிலாளர்கள் மட்டுமல்ல. வெளியில் அதிகம் பேசப்படாத ஒரு குடித்தனம் பூமிக்கடியில் இருந்தது. மும்பையிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழக விஞ்ஞானிகள் 1951இலேயே கருவிகளோடு இந்தச் சுரங்கத்தில் இறங்கினார்கள். விண்ணிலிருந்து பொழியும் காஸ்மிக் கதிர்களைப் பாறை வடிகட்டிவிடும். எவ்வளவு ஆழம் போகிறோமோ அவ்வளவு அமைதி. இவ்வளவு ஆழமும், இறங்க லிஃப்டும், மின்சாரமும், காற்றோட்டமும் ஒரே இடத்தில் அமைவது உலகிலேயே அரிது.

1965இல் அந்த உழைப்பு பலித்தது. இந்திய, ஜப்பானிய, பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் சேர்ந்த குழு, வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோ துகள்களின் தடத்தைச் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் பதிவு செய்தது. ஏறத்தாழ அதே சமயத்தில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கமொன்றில் அமெரிக்கர்கள் தலைமையிலான குழுவும் பதிவு செய்தது. உலகில் அதுவரை யாரும் காணாத தடம் அது. 1980இல் புரோட்டான் சிதைகிறதா என்று பார்க்கும் சோதனையும் இங்கே தொடங்கியது.

ஆய்வுக்கூடம் சுரங்கத்தின் சொத்தல்ல. சுரங்கம் ஆய்வுக்கூடத்தின் சொத்துமல்ல. கூண்டும் பம்பும் காற்றாடியும் சுரங்கத்துக்காக ஓடின. விஞ்ஞானிகள் அந்த நிழலில் ஒதுங்கியிருந்தார்கள். சுரங்கத்தின் ஆழ்பகுதிகளைப் பராமரிப்பது கட்டுப்படியாகாமல் போனபோது, 1990களின் தொடக்கத்தில் ஆய்வும் முடிந்தது. நாற்பதாண்டு உழைப்பு கருவிகளைக் கழற்றிக்கொண்டு மேலே வந்தது.

ஜப்பானில் நடந்ததை இதோடு ஒப்பிடலாம். அங்கே கமியோகா என்ற துத்தநாகச் சுரங்கத்தில் 1983இல் இதே மாதிரி சோதனை தொடங்கியது. அந்தச் சுரங்கத்திலும் 2001இல் தாது வெட்டுவது நின்றுபோனது. ஆய்வகம் நிற்கவில்லை. அங்கு நடந்த நியூட்ரினோ ஆய்வுகளுக்காக 2002இலும் 2015இலும் ஜப்பானியர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. கமியோகா மலைக்குள் பக்கவாட்டில் நுழையும் சுரங்கம். கோலாரைப்போல் கிலோமீட்டர் கணக்கில் நீரை மேலே இறைக்க வேண்டியதில்லை. ஆகவே இரண்டும் சமமல்ல. ஆனால் சுரங்கம் போனாலும் ஆய்வகம் இருக்க வேண்டுமா என்ற கேள்வியை அங்கே தனியாக எடைபோட்டார்கள். இந்தியாவோ கோலாருக்கு மாற்றாகத் தேனி மாவட்டம் பொட்டிபுரத்தில் மலையைக் குடைய முனைந்தது. 2015இல் மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடி ரூபாய் ஒதுக்க ஒப்புதல் கொடுத்தது. எதிர்ப்புகளுக்கும் வழக்குகளுக்கும் இடையே அந்த ஆய்வகம் இன்னும் எழவில்லை. ஒரு சுரங்கத்தை மூடும் செலவில் இந்தத் தொகையை யாரும் எழுதியதில்லை.

திரையில் அதே கதை

தங்கவயல் நோட்டீசுக்குக் காத்திருந்த அதே தொண்ணூறுகளில், நூறு கிலோமீட்டர் தள்ளி பெங்களூர் வேறொரு கெடுவால் சம்பாதித்துக்கொண்டிருந்தது. 2000ஆம் ஆண்டு பிறந்தால் பழைய புரோகிராம்கள் தேதியைத் தவறாகப் படிக்கும் என்ற ஒய்2கே பிரச்சினை அது. அதைச் சரிசெய்யும் வேலை இந்திய சாஃப்ட்வேர் துறைக்குப் பெரிய உந்துதலாக அமைந்தது. அங்கே வேலை நடந்ததற்கு ஒரே காரணம், தேதியை யாராலும் ஒத்திப்போட முடியாது என்பதுதான்.

தேதி இல்லாத எச்சரிக்கைகளின் கதி வேறு. ஓடிக்கொண்டிருக்கும் ஒரு வேலையைச் சட்டென்று நிறுத்தும் கட்டளை ஒன்று ஜாவா மொழியில் இருந்தது. அது ஆபத்தானது, பயன்படுத்தாதீர்கள் என்று 1998இல் எச்சரிக்கை வெளியானது. கட்டளை உண்மையில் செயலிழந்தது 2023இல். இடையே இருபத்தைந்து ஆண்டுகள். இன்னும் சில பழைய கட்டளைகள் 1997 முதல் எச்சரிக்கையோடே உயிர் வாழ்கின்றன. விளைவு, எச்சரிக்கை என்ற சொல்லுக்கே மதிப்புப் போய்விட்டது. 2017இல் ஜாவா 9 வெளியானபோது, 'இதை நிஜமாகவே நீக்கப்போகிறோம்' என்று தனியாகக் குறிக்க ஒரு புதிய அடையாளத்தையே சேர்க்க வேண்டியிருந்தது.

பைத்தான் மொழியில் இன்னொரு விநோதம். எச்சரிக்கை வரிகள், அவற்றைத் திருத்தக்கூடிய புரோகிராமர் கண்ணில் படுவதைவிட, ஒன்றும் செய்ய முடியாத சாதாரணப் பயனாளர் கண்ணில்தான் அதிகம் பட்டன. எரிச்சல் தாங்காமல் 2010, 2011 பதிப்புகளில் அவற்றை இயல்பாகவே மறைத்துவிட்டார்கள். பிறகு, யாரும் பார்ப்பதில்லை என்ற குறை எழவே, 2018இல் ஓரளவு மீண்டும் காட்டினார்கள். 2012 முதல் வழக்கொழிந்ததாகக் கருதப்பட்ட ஒரு சிறு வசதியை 2020இல் நீக்க முயன்றார்கள். பல புரோகிராம்கள் உடையும் என்று தெரிந்ததும் ஓர் ஆண்டு தள்ளிப்போட்டார்கள். 2021இல் நீக்கியபோதும் பல உடைந்தன. ஒன்பது ஆண்டு அவகாசம் இங்கேயும் போதவில்லை.

காரணம் கோலார் ஆய்வுக்கூடத்தின் காரணமேதான். இன்றைய புரோகிராம் எதுவும் தனியாக நிற்பதில்லை. ஒருவர் எழுதியதன்மேல் இன்னொருவர் கட்டுகிறார், அதன்மேல் மூன்றாமவர். அடித்தளத்தில் எழும் எச்சரிக்கை மூன்றாம் மாடியில் கேட்பதில்லை. கேட்டாலும் மூன்றாம் மாடிக்காரரால் அடித்தளத்தைத் திருத்த முடியாது. நடுவில் இருப்பவர் சம்பளமில்லாமல் ஓய்வு நேரத்தில் அந்தத் துண்டைப் பராமரிப்பவராக இருக்கலாம். புதிய அம்சம் ஒன்றைச் சேர்க்க வேண்டிய அவரது நேரம், நேற்றுவரை சரியாக ஓடியதை இன்றும் ஓடவைப்பதில் கழிகிறது. எச்சரித்தவரின் கணக்கில் இது எங்கும் ஏறுவதில்லை.

ஒழுங்காக நடந்த உதாரணமும் உண்டு, கடைசியில். பைத்தான் 3 வெளிவந்தது 2008இல். பழைய பைத்தான் 2க்கு 2015 வரை ஆதரவு என்று முதலில் கெடு. ஊர் நகரவில்லை என்று தெரிந்ததும் 2014இல் கெடுவை 2020க்குத் தள்ளினார்கள். இம்முறை தேதியை மாற்றவில்லை. பழையதைப் புதியதாக மாற்றித்தரும் கருவிகள் இருந்தன. புகழ்பெற்ற பல நூலகத் தொகுப்புகள் தாங்களும் மாறுவதாகப் பகிரங்கமாக வாக்களித்தன. 2020 ஏப்ரலில் பைத்தான் 2இன் கடைசிப் பதிப்பு வெளியானது. பன்னிரண்டு ஆண்டுகளில் முதல் ஆறு வீணாகி, தேதியும் வழியும் உதவியும் சேர்ந்த அடுத்த ஆறில்தான் வேலை நடந்தது.

பூட்டிய பிறகும் அறிவிப்புகள்

தங்கவயலில் பூட்டுக்குப் பின்னும் நோட்டீஸ் ஓயவில்லை. திசை மட்டும் மாறியது. பம்புகள் நின்றதும் சுரங்கங்களில் நீர் நிறைந்தது. தொழிலாளர் சங்கங்கள் நீதிமன்றம் போயின. 2001இல் ஒரு அவுன்ஸ் தங்கம் சராசரியாக 271 டாலர் விற்றது. பத்தே ஆண்டுகளில் அது 1,500 டாலரைத் தாண்டியது. விலை ஏறஏற, திறக்கப்போகிறார்கள் என்ற பேச்சும் ஏறியது. 2006இல் உலகளாவிய டெண்டர் விடுவதென்று மத்திய அரசு முடிவெடுத்தது. 2013இல் உச்ச நீதிமன்றம் அதற்கு வழிவிட்டது. சுரங்கம் திறக்கவில்லை. 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை வேறொன்றுக்கு ஒப்புதல் கொடுத்தது. சுமார் 1,003 ஏக்கரில் குவிந்திருக்கும் 13 சயனைடு மண்மேடுகளில் எஞ்சிய தங்கத்தை எடுக்கும் திட்டம் அது. காற்றடித்தால் ஊரெங்கும் தூசி பறக்கவிடும் இந்த மேடுகளில் இருப்பது சுமார் 3 கோடியே 30 லட்சம் டன் மண்.

'மூடுவோம்' என்று தேதியில்லாமல் சொல்வதும் 'திறப்போம்' என்று தேதியில்லாமல் சொல்வதும் செய்யும் வேலை ஒன்றே. லைன் வீடுகளுக்குச் சொந்தப் பத்திரம் கேட்டு முன்னாள் தொழிலாளர்கள் போராடினார்கள். திறக்கலாம் என்ற பேச்சு உயிரோடிருக்கும்வரை, நிலத்தை என்ன செய்வதென்ற கேள்வியும் ஊரை விட்டுப் போவதா என்ற கேள்வியும் ஆறப்போடப்படுகின்றன.

ஒரு திருத்தம் மட்டும் நடந்திருக்கிறது. கோலாரின் விதியை எடைபோட்ட பி.ஐ.எஃப்.ஆர். வாரியமே 2016 டிசம்பரில் கலைக்கப்பட்டது. வருடக்கணக்கில் இழுத்தடிக்கிறது என்பதுதான் அதன்மீது எழுந்த முக்கியக் குற்றச்சாட்டு. அதன் இடத்துக்கு வந்த 2016ஆம் ஆண்டு திவால் சட்டம், ஒரு நிறுவனத்தை மீட்பதா கலைப்பதா என்று முடிவுசெய்ய 180 நாட்களைக் கெடுவாக வைத்தது. 2019இல் வந்த திருத்தம், வழக்கு நாட்களையும் சேர்த்து 330 நாட்களை எல்லையாக்கியது. நடைமுறையில் இந்த எல்லைகள் பலமுறை மீறப்படுகின்றன. ஆனாலும் காத்திருக்கும் காலத்துக்கு ஒரு விலை உண்டு என்பதைச் சட்டம் ஒப்புக்கொண்டுவிட்டது.

அந்தச் சட்டமும் தேதியைப் பற்றித்தான் பேசுகிறது. 'எங்கே போவது, போகிற செலவை யார் தருவது' என்று எச்சரிக்கப்பட்டவர் கேட்டால் அதில் பதில் குறைவு. சுரங்கமோ கணினி மொழியோ, ஒன்றைக் கைவிட முடிவுசெய்பவர் நோட்டீஸ் அடிக்குமுன் எழுதிப்பார்க்க வேண்டிய கணக்கு அது. எழுதாவிட்டாலும் கணக்கு தீர்க்கப்படும். தீர்ப்பவர் மட்டும் வேறொருவராக இருப்பார்.